திறமை இருந்தால் வரலாமாம். ஏற விட்டால்தானே திறமை வரும்?

“திறமை இருந்தால் ஆரும் வரலாம், ஆர் தடுத்தது?” இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு. மாணவர் ஒன்றியத் தெரிவிலும் இதுதான், உள்ளூராட்சித் தேர்தலிலும் இதுதான். இது எவ்வளவு பெரிய பொய் என்று பார்க்க, ஒருக்கா நடுக்கடலுக்குப் போய் வருவோம்: உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டிக்கு.

1973இல் விற்பிரெட் என்ற பெயரில் தொடங்கி, பிறகு வொல்வோ ஓஷன் றேஸ் ஆன போட்டி அது. கட்டம் கட்டமாக மாதக்கணக்கில் ஓடும். படத்தில் பார்க்க உல்லாசம். குழுவில் இருக்கிறவருக்கு அப்படியில்லை. நாலு மணித்தியாலம் வேலை, நாலு மணித்தியாலம் ஓய்வு. இரவு பகல் கணக்கில்லை. ஒருத்தர் எழும்பின சூட்டோடயே அதே படுக்கையில் மற்றவர் சரிவார். அதுக்குள்ள படகு பக்கம் மாறினால் படுத்தவரும் எழும்பி, ஈரப் பாய்களையும் சாமான்களையும் மற்றப் பக்கத்துக்கு இழுக்க வேணும். சாப்பாடு என்பது உலர்த்திய பொதியில் சுடுதண்ணி ஊற்றிக் கிளறுவது. தென்சமுத்திரத்தில் அலை மேல்தளத்தைக் கழுவிக்கொண்டு போகும். 2018 மார்ச்சில் கேப் ஹோர்னுக்கு மேற்கே, அனுபவமுள்ள மாலுமியான ஜோன் ஃபிஷர் கடலில் வீழ்ந்தார். அவரை மீட்க முடியவில்லை.

இந்த வேலையைக் கரையில் நின்று பழக ஏலாது. தென்சமுத்திரத்து இருட்டில் சுக்கான் பிடிக்கப் பழகும் இடம் தென்சமுத்திரம்தான். ஆனால் அனுபவம் உள்ளவரைத்தான் படகில் ஏற்றுவார்கள். ஏறினவருக்குத்தான் அனுபவம் வரும். “திறமை இருந்தால் வா” என்று சொல்பவர்கள் இந்தப் பூட்டைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

1985-86 போட்டியில் ட்ரேசி எட்வர்ட்ஸ் ஒரு படகில் ஏறினார். என்ன வேலைக்கு? சமையலுக்கு. சுக்கான் பிடிக்க ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்ததும், வீட்டை அடகு வைத்துப் பழைய படகொன்றை வாங்கி, ‘மெய்டன்’ என்று பெயரிட்டு, பெண்கள் மட்டுமே கொண்ட குழுவோடு 1989இல் சவுதாம்ப்டனிலிருந்து புறப்பட்டார். இவர்கள் முதல் கட்டத்தையே தாண்டமாட்டார்கள் என்றார்கள். தங்கள் பிரிவில் இரண்டு கட்டங்களை வென்று, மொத்தத்தில் இரண்டாவதாக வந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் வசதி. “பார்த்தீங்களா, துணிச்சல் இருந்தால் முடியும்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கதவு திறபடவில்லை. 2001-02இல் ஒரு முழுப் பெண்கள் குழு ஓடியது. அடுத்ததைக் காண 2014-15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ‘டீம் எஸ்சிஏ’ ஒரு கட்டத்தை வென்றது. மெய்டனுக்குப் பிறகு பெண்கள் குழு வென்ற முதல் கட்டம் அது. இடையில் 25 வருசம்! துணிச்சலுக்கா பஞ்சம்? இல்லை, இடத்துக்குத்தான் பஞ்சம்.

பிறகு மாற்றியது துணிச்சல் இல்லை, விதி. 2017-18 போட்டியில் ஆண்கள் மட்டும் என்றால் 7 பேர்தான் ஏறலாம். 7 ஆண்களோடு ஒன்றிரண்டு பெண்களைச் சேர்த்தால் 8 அல்லது 9. பாதிப்பாதி என்றால் 10. பெண்கள் மட்டும் என்றால் 11. அதாவது, பெண்களை விட்டுவிட்டுப் போகிற படகு குறைந்த கைகளோடு கடலைச் சமாளிக்க வேணும். 2018 யூனில் ஹேக் நகரில் முதலாவதாக வந்தது ‘டொங்ஃபெங்’. அதில் இருந்த கரோலைன் புரோவரும் மரீ ரியூவும் இந்தப் போட்டியை வென்ற முதல் பெண்கள் ஆனார்கள். புரோவர் எங்கே பழகினவர்? 2001-02இலும் 2014-15இலும் ஓடிய அதே பெண்கள் குழுக்களில். ஏற விட்ட இடத்தில்தான் திறமை முளைத்தது.

“மேலதிகமாக ஆட்களைத் தந்தால் அது சமமா?” என்று கேட்பீர்கள். விதி எல்லாப் படகுக்கும் ஒன்றுதான். தெரிவும் எல்லாருக்கும் இருந்தது. பாய் இழுக்கப் பாரமான உடம்பு உதவும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் சுக்கான் பிடிக்கவும் காற்றை வாசிக்கவும் தேவையானது பழக்கம்.

அதே 2018இல், பெப்ரவரியில், எங்கட நாட்டிலும் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது: உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம். அதுக்கு முதல் இரண்டு வீதமளவில் கிடந்த எண்ணிக்கை ஐந்தில் ஒன்றைத் தாண்டியது. உடனே “கோட்டா மெம்பர்” என்ற நக்கலும் வந்தது. அதே சபையில் வருசக்கணக்காக வாயே திறக்காமல் இருந்த ஆண் உறுப்பினருக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்ததா?

ஏற்றினால் மட்டும் போதாது என்பதும் கடல் சொல்லும் பாடம்தான். 2017-18இல் ஓடிய 7 படகுகளில் பெண் தலைமை ஒன்றுதான்: டீ கஃபாரி. எங்கட ஒன்றியங்களிலும் இதே கணக்குத்தான். பெண் என்றால் உபதலைவர், இல்லாட்டி குறிப்பெடுக்கிற செயலாளர். விழா வந்தால் வரவேற்புக் குழு.

அதனால் நாங்கள் கேட்பது இரண்டே இரண்டு. அடுத்த தெரிவுக்கு முதல், செயற்குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்று யாப்பில் எழுதுங்கோ. தலைவர் பதவி ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் பெண்ணுக்கு என்றும் எழுதுங்கோ. திறமையைப் பற்றி அதுக்குப் பிறகு கதைப்பம்.