எலிக்குட்டியைக் கடாசாதீங்க மக்களே!

"முந்நூறு ரூவா மேட்டர் மாமே, தூக்கிக் கடாசிட்டு புதுசு வாங்கு." இந்த டயலாக்கைக் கேட்டாலே காண்டாகுது. அதுவும் பொறியியல் படிச்சு, பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்மாளுங்களே சொல்றப்போ டபுள் காண்டு.

மேட்டர் இதான். மவுஸோட இடது பட்டனை ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை சொடுக்கும். ஃபைலை இழுத்துட்டுப் போனா பாதி வழியில கீழ போட்டுரும். பட்டனுக்கு அடியில இருக்குற மைக்ரோ ஸ்விட்ச்தான் காரணம். உள்ள துளியூண்டு தகடு, அதோட நுனியில வெள்ளிக் கலவை. தகடு தளர்ந்தாலோ, நுனி கறுத்தாலோ தொடுப்பு விட்டு விட்டு வரும். பொட்டி அதை ரெண்டு சொடுக்குன்னு எண்ணிக்கும். மவுஸ்ல ஓடுற மின்னோட்டம் ரொம்பச் சின்னது, அந்தக் கறுப்பை எரிச்சுத் தள்ள அதுக்கு வலுவும் இல்ல.

ஆம்ரான் ஸ்விட்ச்ல ஒரு கோடி, ரெண்டு கோடி, அஞ்சு கோடி அமுக்கு தாங்கும்னு விதவிதமா இருக்கு. அதெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கணக்கு. எங்க ஊரு மரக்காணம். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சாப்பாட்டு உப்பே கசிய ஆரம்பிச்சிரும். உப்பு வாரினப்புறம் பாத்தியில மிஞ்சுற கசப்புத் தண்ணியில மெக்னீசியம் குளோரைடு இருக்கு பாருங்க, அது 33 சதவீதத்துலயே ஈரத்தை இழுக்கும். இந்தக் காத்துல காத்துப்புகாத மூடிகூட இல்லாத ஸ்விட்ச் எத்தனை நாள் தாங்கும்?

எங்க சித்தி பொண்ணு இங்க ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வச்சிருக்கா. "ண்ணா, ஒரு தடவை அமுக்குனா ரெண்டு தடவை பணம் போயிடுதுண்ணா"ன்னு புலம்புறா. எதிர்ல நிக்கிறது உப்பளத்துல கூலிக்குப் போற அம்மா. ரெண்டாவது தடவை போன காசு திரும்பி வர்ற வரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்க? இவ மேலதானே பழி விழுது? முந்நூறு ரூவா மேட்டராம்!

"சாஃப்ட்வேர்ல சரி பண்ணலாமே"ன்னு ஒரு கோஷ்டி. நானும் அங்க ஆணி புடுங்குறவன்தான் சாமி. ரெண்டாவது சொடுக்கைச் சில மில்லிசெகண்டுக்கு எண்ணாதேன்னு சொல்லலாம். தளர்ந்த தகடு நிமிர்ந்துருமா என்ன?

ஸ்விட்ச் மூணு கால் ஐட்டம். ரிச்சி ஸ்ட்ரீட்ல டீக்காசு. பற்றவைக்கத் தெரிஞ்சவனுக்கு அரை மணி நேர வேலை. ஆனா கம்பெனிக்காரன் ஸ்க்ரூவை அடியில ஒட்டின வழுக்குப் பட்டைக்குக் கீழ ஒளிச்சு வைக்கிறான். பிரிச்சா பட்டை போச்சு. சின்ன மின்னோட்டத்துக்குன்னே தங்கக் கலவை முனையோட டி2எஃப்-01 வகை ஸ்விட்ச் இருக்கு. மலிவு மவுஸ்ல அதை எவன் வைக்கிறான்? செத்தாத்தானே அடுத்தது விக்கும்.

2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு கமிட்டி போட்டுச்சு. முதல்ல எடுத்தது விவசாயக் கருவி, மொபைல்-டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள், வண்டி. நல்ல விஷயம்தான், இல்லைங்கல. மவுஸுக்கு யார் பேசுறது?

புது ஸ்விட்ச் கையில இல்லாதவங்க வலது பட்டன் ஸ்விட்சைக் கழட்டி இடதுல போடுங்க, அது அவ்வளவா தேய்ஞ்சிருக்காது. கடாசச் சொல்ற அண்ணாத்தைங்க அந்த எலியை எனக்கு அனுப்புங்க, சித்தி பொண்ணு கடைக்கு ஸ்பேர் ஆகும்.