சூட்கேஸில் வரும் மருந்து

அன்பான ஊர் உறவுகளுக்கு,

இங்கே கனடாவின் ஸ்காபரோவில் நடந்த பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "ஓகஸ்டில ஊருக்குப் போறவை ஆளுக்கு அஞ்சு கிலோ மருந்து கொண்டு போகட்டும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. மருந்தகத்தில் வேலை செய்பவன் என்பதால் காரணத்தை உங்களுக்கே எழுதுகிறேன். கிளினிக் கொப்பியைப் படமெடுத்து வைபரில் அனுப்புகிறவர்கள் நீங்கள்தானே!

இன்சுலினையே எடுப்போம். 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டிய சாமான் அது. விமானத்தில் பொதிகளோடு போகும்போது உறையலாம். கட்டுநாயக்காவிலிருந்து பருத்தித்துறை வரை வாகனத்தில் வெந்தும் போகலாம். உறைந்து உருகிய இன்சுலின் சில வேளை பார்வைக்கு நல்லதாகவே இருக்கும். ஊசி போட்ட பிறகு சீனிதான் இறங்காது.

சரி, மருந்துத் தட்டுப்பாடு ஏன் வருகிறது? 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது நினைவிருக்கும். இலங்கை தன் மருந்தில் பெரும்பகுதியை வெளியே, முக்கியமாக இந்தியாவில், டொலர் கொடுத்து வாங்குகிறது. டொலர் இல்லையென்றால் வங்கியில் இறக்குமதிக்கான நாணயக் கடிதம் (எல்.சி.) திறக்க முடியாது. எல்.சி. இல்லாமல் மருந்து கப்பலேறாது.

டொலர் வற்றியதற்குக் காரணங்கள் பல. நாங்கள் வாய் திறக்காத ஒன்று உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே காசு அனுப்பும் வழி. அதற்கு முந்திய மாதங்களில் மத்திய வங்கி டொலரை 203 ரூபாயளவில் பிடித்து வைத்திருந்தது. உண்டியல்காரர் அதைவிடக் கூடத் தந்தார். கூட வருகிற காசை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் உண்டியலில் போன காசின் டொலர் நாட்டுக்குள் வரவேயில்லை. வங்கி வழியாக வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பிய பணம் 2020இல் சுமார் 710 கோடி டொலர். 2021இல் சுமார் 550 கோடி. மருந்து வாங்கும் டொலரை வெளியே நிறுத்திவிட்டு பனடோல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம்.

சேனக பிபிலே 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியபோது, கம்பனிப் பெயர்களை ஒதுக்கிப் பொதுப்பெயரில், மொத்தமாக, கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் வழியைப் போட்டார். அதைச் சுற்றிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதைப் பிறகு பார்த்தோம். அவசரக் கொள்வனவு என்று பதிவு விலக்கோடு வந்த இம்யூனோகுளோபுலின் 2023இல் தரமற்றதென்று தெரிந்தது. அந்த வழக்கில் முன்னாள் சுகாதார அமைச்சர் 2024இல் கைதானார். எங்கள் சூட்கேஸில் வருவதும் பதிவில்லாத மருந்துதான், நோக்கம் நல்லது என்பதைத் தவிர.

நான் சங்கத்தில் வைத்த யோசனை இதுதான்: காசு வங்கி வழியாக வரட்டும், மருந்தை அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் கடையான ஒசுசலவில் அங்கேயே வாங்குங்கள். நாடே வெறுமையாகக் கிடக்கிற நாளில் இது உதவாது, உண்மை. அதனால்தான் தட்டுப்பாடு இல்லாத மாதத்திலேயே கேளுங்கள் என்கிறேன். ஊர் வைத்தியசாலைக் களஞ்சியத்தில் மூன்று மாதத்துக்கான மேலதிக இருப்பு சேரட்டும். காலாவதி முந்துவதை முதலில் எடுத்துக் கொடுத்து, புதியதைப் பின்னால் அடுக்கினால் வீணாகாது. இது மருந்தாளருக்குத் தெரியாததல்ல. அடுக்க இருப்புத்தான் இல்லை.

இனிப் படம் அனுப்ப வேண்டாம். தலைமை மருந்தாளரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள்: மருந்தின் பொதுப்பெயர், அளவு, மாதத் தேவை, இன்றைய கையிருப்பு. ஜூன் முடிவதற்குள் கிடைத்தால் ஓகஸ்டுக்கு முன்பே காசு வந்து சேரும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ஊரவன்