மகன் கட்டும் விமானம்



மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பதினான்கு வயது மகனுக்குக் கனடாவிலுள்ள மாமா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். இரண்டு அடுக்குச் சிறகு கொண்ட சிறிய விமானமொன்றைக் கையால் செய்து, ரேடியோக் கருவியால் பறக்கவிடுவதற்கு வேண்டிய மரத்துண்டுகளும் வரைபடமும் சிறு மோட்டரும் அதற்குள் இருக்கின்றன. "மிஸ், பிள்ளை ரொம்ப ஆசைப்படுறான். எனக்கு அந்தச் சத்தத்தை நினைச்சாலே வயித்தைக் கலக்குது. வேணாம்னு சொல்லவா, விடவா?" என்று கேட்டார்.

இவருடைய பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் ஊவாவை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர்கள். இவர் அங்கே பிறந்து, அங்கே வளர்ந்து, 2009 இல் செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, உறவினரைத் தேடி மலைக்குத் திரும்பியவர். வன்னியில் இருந்தவர்கள் விமானங்களைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் அறிந்தார்கள். கிபிரின் இரைச்சல் வேறு, ஆளில்லா வேவு விமானத்தின் ரீங்காரம் வேறு. அந்த ரீங்காரத்துக்கு மக்கள் "வண்டு" என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டு தலைக்கு மேல் சுற்றினால் அதன் பின்னால் வேறு ஏதோ வரும் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். இந்தப் பயத்தை யாரும் கோழைத்தனம் என்று சொல்ல வேண்டாம். உயிர் தப்புவதற்காகக் காது கற்றுக்கொண்ட பாடம் அது. போர் முடிந்துவிட்டது என்று காதுக்கு உத்தரவிட முடியாது.

"அது வெறும் விளையாட்டுச் சாமான், இதற்கெல்லாம் பயப்படலாமா?" என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது பொய்யாகும். 1935 இல் இங்கிலாந்தின் டி ஹவிலண்ட் கம்பனி "குயின் பீ" என்ற விமானத்தைச் செய்தது. இராணி தேனீ என்பது அதன் பொருள். அதுவும் இரட்டைச் சிறகு விமானந்தான். ஆளே இல்லாமல் தரையிலிருந்து ரேடியோவால் ஓட்டலாம். பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்கான இலக்காக அதைப் பறக்கவிட்டார்கள். இன்று எல்லோரும் "ட்ரோன்" என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு ஆண் தேனீ என்று பொருள். குயின் பீயிலிருந்துதான் அந்தப் பெயர் பரவியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தேனீ என்றதை வன்னிச் சனங்கள் வண்டு என்றார்கள், அவ்வளவுதான். எனவே அந்தத் தாயின் காது தவறாகக் கேட்கவில்லை. மகனின் பெட்டியில் இருப்பது வண்டுக்குத் தூரத்து உறவு.

ஆனால் அதற்கு வேறு உறவுகளும் உண்டு. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அல்லது கேள்விப்பட்டிருப்பீர்கள். கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று எத்தனையோ வகைகள். அவற்றில் பெட்டிப்பட்டமும் ஒன்று. பெட்டி வடிவப் பட்டத்தை 1893 இல் அவுஸ்திரேலியாவில் லோரன்ஸ் ஹாக்ரேவ் என்பவர் ஆராய்ந்து செய்தார். மேலும் கீழுமாக இரண்டு பரப்புகளை வைத்து நடுவில் குச்சி கொடுத்தால் காற்றில் நிலையாக நிற்கும் என்று கண்டார். ரைட் சகோதரர்களும் 1899 இல் முதலில் ஒரு பட்டத்தைத்தான் ஏற்றிப் பார்த்தார்கள். ஐந்தடி நீளமுள்ள, இரண்டு அடுக்குப் பட்டம். ஆக, இரட்டைச் சிறகு விமானம் என்பது ஈர்க்கும் கடதாசியும் சோற்றுப் பசையும் வைத்து நம் பிள்ளைகள் செய்யும் பட்டத்தின் பெரிய அண்ணன்.

இங்கே பெண்களுக்குப் பிடித்தமான ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. 1900 இல் ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் கிட்டி ஹோக் கடற்கரைக்கு ஒரு மிதவை விமானத்தைக் கொண்டுபோனார்கள். நினைத்த நீளத்துக்கு மரச்சட்டம் கிடைக்காததால் சிறகைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. சாட்டின் துணியைக் குறைத்துத் திரும்பத் தைக்க வேண்டும். அந்த ஊர்க் குடும்பப் பெண் அடி டேட் என்பவரின் தையல் மெசினில்தான் வில்பர் ரைட் அதைத் தைத்தார். பருவம் முடிந்ததும் விமானத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அடி டேட் அந்தச் சிறகின் துணியை உரித்தெடுத்துத் தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் கவுன் தைத்துப் போட்டார். நிவாரணத்துக்குக் கொடுத்த தறப்பாளில் பையும் மறைப்பும் தைத்த நமக்கு இந்தப் பெண்ணை நன்றாக விளங்கும்.

நமக்குப் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910 இல் தானே ஓர் இரட்டைச் சிறகு விமானத்தை வடிவமைத்து, குதிரை வண்டி செய்த சிம்சன் பட்டறையில் அதைச் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். வண்டி கட்டிய தச்சர்களின் கை வேலை வானத்தில் ஏறியது.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். தாயும் நானும் பையனும் அதை இஸ்தோப்பில் விரித்துப் பார்த்தோம். முதலில் கையில் எடுத்தது பால்சா மரத்துண்டு. "இது என்ன, பஞ்சு மாதிரி இருக்கு" என்றார் தாய். பால்சா பெரும்பாலும் தென்னமெரிக்காவின் எக்குவடோரிலிருந்து வருகிறது. அதே அளவு தண்ணீரின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். பால்சா என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள். வரைபடத்தை விரித்தபோது அவர் முகம் மாறியது. வவுனியாவில் தையல் வகுப்புக்குப் போனவர் அவர். இப்போது கார்மன்டில் வேலை. "இது கட்டிங் பேப்பர் மாதிரித்தானே" என்றார். அதேதான். சட்டைக்கு முன்பாகம், பின்பாகம், கை என்று மாதிரி வெட்டுவது போல, சிறகின் விலா எலும்புகள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள்.

வரைபடத்தைத் தட்டையான பலகையில் விரித்து, மேலே மெல்லிய பொலித்தீன் போட்டு, அதன்மீது விலாக்களைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். பொலித்தீன் போடாவிட்டால் சிறகு வரைபடத்தோடு ஒட்டிக்கொள்ளும். பலகை வளைந்திருந்தால் சிறகும் வளையும். வெள்ளைப் பசை என்றால் ஓர் இரவு முழுதும் அசைக்காமல் விட வேண்டும். அவசரக்காரப் பிள்ளைகளுக்கு இதுதான் கடினம். மடுல்சீமையில் இன்னொரு சங்கடம், மூடுபனி. பால்சா ஈரத்தை உறிஞ்சி முறுகும். கார்த்திகை, மார்கழி மழையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கச்சான் காற்று வீசி, நம் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும் ஆடி, ஆவணி மாதங்களே நல்லது. செய்த துண்டுகளை அடுப்புக்கு மேலே பரணில் வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தாலும் முறுகும்.

ஏன் இரண்டு சிறகு என்று பையனிடம் கேட்டேன். "அழகுக்கு" என்றான். அழகுக்கல்ல. பழைய காலத்து மெல்லிய மரச் சிறகு தனியாக நின்றால் ஒடிந்துவிடும். மேலும் கீழும் இரண்டை வைத்து, நடுவில் தூண் நிறுத்தி, குறுக்கே கம்பி இழுத்தால் இரும்புப் பாலம் போல உறுதியாகிவிடும். (நமது தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் போலல்ல, அது கல்லால் நிற்கும் வேறு வகை.) 1896 இல் இப்படியொரு மிதவை விமானத்தைக் கட்டிய ஒக்டேவ் சானூட் உண்மையிலேயே ரயில் பாலங்கள் கட்டிய எஞ்சினியர்.

கூடு முடிந்ததும் போர்வை. சூட்டில் சுருங்கும் மெல்லிய தாளைச் சட்டத்தின் மேல் வைத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்து ஒட்டுவார்கள். கொலருக்குக் கன்வஸ் ஒட்டியவர்களுக்கு இந்தக் கை சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முதலில் ஓரங்களை ஒட்டி, பிறகு நடுவைச் சூடாக்கினால் சுருக்கமெல்லாம் போய்ப் பறைத் தோல் போல இறுகும். ஒரே பக்கத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தால் சிறகு முறுகும். முறுகினால் எதிர்ப்பக்கமாக மெல்லத் திருகிப் பிடித்துக்கொண்டு மறுபடி சூடு காட்டலாம். இந்தப் பகுதியைத் தாய்தான் செய்தார். பையன் பக்கத்தில் இருந்து பார்த்தான். விமானத்தின் மேல் சிறகு முழுதும் அவர் கைபட்டது.

இந்த வேலையில் ஓர் ஆபத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். தாளுக்குப் பதிலாகத் துணி அல்லது மெல்லிய கடதாசி போர்த்தி, அதன்மேல் "டோப்" எனும் ஒருவகை வார்னிஷ் பூசும் பழைய முறையும் உண்டு. முதலாம் உலகப்போரில் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் பெண்கள்தான் விமானச் சிறகுகளுக்கு லினன் துணி தைத்து இந்த வார்னிஷைப் பூசினார்கள். அன்றைய வார்னிஷில் கலந்திருந்த ஒரு இரசாயனத்தின் ஆவி ஈரலைத் தாக்கி, பலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. சிலர் இறந்தார்கள். அதன் பிறகே அந்த இரசாயனத்தை நிறுத்தினார்கள். இன்றைய வார்னிஷில் அது இல்லையென்றாலும் ஆவி ஆவிதான், எளிதில் தீப்பிடிக்கும். லயக் காம்பராவில் ஒரே அறையில் அடுப்பும் தொட்டிலும் இருக்கும். வார்னிஷ், பெயின்ட், சூப்பர் குளூ எல்லாவற்றையும் வெளியே, காற்றாடும் இடத்தில் மட்டும் பாவியுங்கள். சேண்ட் பேப்பர் தேய்க்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளட்டும்.

பெட்டரி இன்னும் கவனிக்க வேண்டியது. இவ்வகை விமானங்களில் லிதியம் பெட்டரி வரும். அடிபட்டாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ தீப்பற்றும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. மெத்தையில், துணி மேல் வைக்கக் கூடாது. சீமெந்துத் தரையில் ஒரு மண்சட்டிக்குள் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யலாம். ஊதிப் போன பெட்டரியை மறுபடி பாவிக்க வேண்டாம். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் முழு லயமும் போகும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த துயரம்.

அடுத்தது சமநிலை. மூக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் எடை நிற்க வேண்டும் என்று வரைபடத்தில் குறித்திருப்பார்கள். அந்த இடத்தில் மேல் சிறகுக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு ஒரு துளி கீழே சாயலாம். வால் கனத்தால் மேலே ஏறியதும் கட்டுப்பாட்டை இழந்து விழும். முதலில் பெட்டரியை முன்னே தள்ளிப் பார்க்கலாம், போதாவிட்டால் மூக்கில் சிறிய ஈயத்துண்டு வைக்கலாம்.

இனிச் சத்தத்துக்கு வருகிறேன், அந்தத் தாயின் கேள்வியே அதுதானே. மோட்டரைச் சோதிக்கும்போது எப்போதும் விசிறியைக் கழற்றி வைக்க வேண்டும், அது விரலை வெட்டும். அந்தச் சோதனையின்போது கருவியைத் தாயின் கையில் கொடுக்கும்படி பையனிடம் சொன்னேன். குச்சியை மேலே தள்ளினால் சத்தம் வரும், கீழே இழுத்தால் நிற்கும். அவர் ஒரு முறை தள்ளினார், உடனே இழுத்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மறுபடியும். வன்னியில் அந்தச் சத்தத்தை நிறுத்தும் பிடி எவர் கையிலும் இருக்கவில்லை. விசிறி பூட்டியதும் சத்தம் மாறும், கூடும் என்பதையும் முன்னரே சொல்லிவைத்தேன். திடீரென்று கேட்பதுதான் கொடுமை. அன்று அவர் அதற்கு மேல் விரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சில பெண்களுக்கு இந்தச் சத்தத்தோடு நித்திரையின்மை, மூச்சடைப்பு, பழைய காட்சிகள் எல்லாம் சேர்ந்து வரும். அப்படியானால் விமானத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பறக்கவிடும் விஷயத்தில் சில வார்த்தைகள். கருவியை முதலில் இயக்கி, பிறகே விமானத்தின் பெட்டரியை இணைக்க வேண்டும். இறங்கிய பின் விமானத்தை முதலில் நிறுத்தி, கருவியைக் கடைசியில் அணைக்க வேண்டும். மாறிச் செய்தால் விசிறி தானாகச் சுழலக்கூடும். பழகுகிறவனுக்கு இரட்டைச் சிறகு இலேசானதல்ல. பட்டக் கடதாசியில் கையால் எறியும் மிதவை விமானம் செய்து, காற்று எப்படித் தூக்குகிறது என்று முதலில் பழகட்டும். எங்கள் சின்ன உலக முடிவுப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மலை விளிம்பில் காற்று மேலும் கீழுமாகச் சுழலும், விமானமும் போகும், அதைப் பிடிக்க ஓடும் பிள்ளையும் போகும். அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போது, மின்கம்பி இல்லாத விளையாட்டு மைதானமே சரி. தோட்ட நிர்வாகத்திடமும் பொலிஸிடமும் முன்னரே கேளுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளையும் விசாரியுங்கள். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் ட்ரோன்கள் சில காலம் முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தன. தமிழ்ப் பையன் கையில் ரேடியோக் கருவியைக் கண்டால் சந்தேகப்படும் ஆட்கள் இன்னும் இருக்கலாம், அனுமதி வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் இருப்பது நல்லது.

பறக்கவிடுவதற்கு முதல்நாள் மாலை லயத்துக்கு லயம் போய், "நாளைக்குக் காலையில ஆறரைக்கு மைதானத்துல ஒரு சத்தம் கேக்கும், அது நம்ம பையன் செஞ்சது" என்று சொல்லிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். வடக்கிலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவர்களுடையது மட்டுமல்ல.