விளக்கில்லாத ஆறு கம்பங்களும் தரம் பேசும் கனவான்களும்

எங்க ஊர்த் தெருவிளக்குக்கு மூளை வெச்ச கதையை எழுதச் சொல்லித் தோழர்கள் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தள்ளிப்போட்டு வந்தேன். 'இதெல்லாம் நமக்கு எதுக்குய்யா, பஞ்சமி நிலத்தைப் பத்தி எழுது' என்று நம்மாட்களே சொல்வார்கள் என்பது தெரியும். பஞ்சமி நிலத்தைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இதை எழுத ஆளில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு விளக்கின் தலையிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரேடியோ. எரி, அணை என்ற கட்டளை ஊர் நடுவே தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கிற கேட்வேயிலிருந்து கிளம்பும். சில மில்லிவாட் சக்தியில் பேசுகிற ரேடியோ ரொம்ப தூரம் பேசாது. ஆகவே ஒரு கம்பம் வாங்கி அடுத்த கம்பத்துக்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததுக்கு. மெஷ் வலை என்கிறார்கள். அடியில் இருப்பது 2003இல் வந்த 802.15.4 என்ற தரம். ஒரு தடவைக்கு 127 பைட், அதற்கு மேல் பேச முடியாது. யார் கொடுத்ததையும் யாரும் வாங்கிக் கடத்துகிற ஏற்பாடு. கேக்க நல்லாத்தான் இருக்கு.

இப்போது வரைபடத்துக்கு வாருங்கள். ஊர்த்தெருவில் 30 மீட்டருக்கு ஒரு விளக்கு. ஊர் முடிகிற இடத்தில் கடைசிக் கம்பம். அப்புறம் வயல், கிட்டத்தட்ட 250 மீட்டர். அப்புறம்தான் சேரி. நடுவில் மின்கம்பமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு கம்பம் இருக்கிறது. கம்பி போகிறது. விளக்குதான் இல்லை. சேரிக்குப் போகிற பாதைக்கு எவன் விளக்குப் போடுவான்? விளக்கில்லாததால் அங்கே ரேடியோவும் இல்லை. ஐம்பது வருசமாக இருட்டாக இருந்த பாதை, கம்ப்யூட்டர் திரையில் வெற்றிடமாக வந்து நின்றது. சேரியின் 22 விளக்கும் ஊரின் அந்த ஒரே ஒரு கடைசிக் கம்பத்தை நம்பித் தொங்கின. இணைப்பு அறுந்தால் அணைந்துவிட வேண்டும் என்று வேறு எழுதி வைத்திருந்தார்கள், மின்சாரம் மிச்சமாம்.

ஊர்த் திருவிழா வந்தது. அந்தக் கடைசிக் கம்பத்து மின்சாரத்தைச் சீரியல் செட்டுக்கு இழுத்தார்கள். நாலு ராத்திரி சேரி இருட்டு. யாரும் வெட்டவில்லை, யாரும் மறிக்கவில்லை. கேட்டால், 'டெக்னிக்கல் ஃபால்ட்டுங்க.'

ஒப்பந்தக்காரரின் பொறியாளரிடம் போனேன். நல்ல மனுசன்தான், டீ வாங்கிக் கொடுத்தார். 'சார், தரத்துக்குச் சாதி கிடையாது' என்றார். நானும் இந்த வேலை படித்தவன்தான். வயர்லெஸ்ஹார்ட் என்று ஒன்று 2007இல் வந்தது, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் ரசாயன ஆலைகளிலும் போடுகிற வலை, இதே 802.15.4 ரேடியோதான். அதைத் திட்டமிடுகிறவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு கருவிக்கும் எட்டுகிற தூரத்தில் குறைந்தது மூன்று அண்டைக் கருவிகள் இருக்க வேண்டும், மொத்தத்தில் கால்வாசியாவது கேட்வேயை நேராக எட்ட வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றது தூக்கிக்கொண்டு போகட்டும் என்பதற்காக. ஆலையின் குழாய்க்கு மூன்று அண்டை. 22 தெருக்கம்பத்துக்கு ஒரே ஒரு அண்டை, அதுவும் தயவில். விதி தெரியாமலா செய்தார்கள்? ஊர்த்தெருவுக்குள் அந்த விதி ஒழுங்காக நிற்கிறது. நான் நடந்து எண்ணிப் பார்த்தேன்.

இந்த வலைகளில் வழி கண்டுபிடிக்க ஆர்.பி.எல். என்ற நெறிமுறை உண்டு, 2012இல் ஆர்.எஃப்.சி. 6550ஆக வந்தது. அதில் ஒவ்வொரு நோடுக்கும் ஒரு ரேங்க். மூலத்துக்குக் கிட்டே இருந்தால் சின்ன எண், தள்ளிப்போகப் போகப் பெரிய எண். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு தோழர் 'அப்ப இது மனுதர்மந்தான்' என்று எழுந்தார், கைதட்டலும் கிடைத்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்.பி.எல்.லில் ஒரு நோடு நல்ல வழி கிடைத்தால் தன் பெற்றோரை மாற்றிக்கொள்ளும், ரேங்கும் மாறும். சாதியில் எவன் மாற்றிக்கொண்டான்? குற்றம் கணக்கில் இல்லை. மாற்றிக்கொள்ள இரண்டாவது பெற்றோர் இல்லாத இடத்தில் எங்களை வைத்தார்களே, அங்கே இருக்கிறது.

இனி பாதுகாப்பு. இதைப் பணக்காரன் கவலை என்று நாம் ஒதுக்குகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், அந்த ராத்திரி வரைக்கும்.

ஒரு நாள் பதினோரு மணிக்கு ஊர்த்தெரு விளக்கெல்லாம் அணைந்து எரிந்து அணைந்து எரிந்தது. அரை மணி நேரத்தில் காவல் நிலைய ஆட்கள் எங்கே வந்தார்கள் என்று சொல்ல வேண்டுமா? எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிற எங்க தெருப் பையன் வீட்டுக்கு. 'லேப்டாப் வெச்சிருக்கான்ல, இவன்தான்.' விடிகிற வரை உட்கார வைத்தார்கள். என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதை அவன் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து டீக்கடையில் ஒப்பந்தக்காரரின் ஆளே சிரித்துக்கொண்டு சொன்னான், தூரத்திலிருந்து தான் போட்ட சோதனைதானாம் அது.

பையன் செய்யவில்லை என்று அன்றைக்கே ஏன் நிரூபிக்க முடியவில்லை? அந்த வலையில் யார் எந்தக் கட்டளை கொடுத்தார்கள் என்ற பதிவே கிடையாது. எல்லா விளக்குக்கும் ஒரே சாவி, தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய அதே சாவி. புது நோடு சேருகிற கதவையும் மூடாமலே விட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம் என்றால், இந்த நாட்டில் யார் செய்ததாக ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

இது எங்க ஊர் அலட்சியம் மட்டும் இல்லை. 802.15.4இல் பாதுகாப்பு விருப்பத்துக்குரியது, பூஜ்யம் என்ற மட்டத்திலும் வலை ஓடும். அதில் உள்ள ஓட்டைகளை சாஸ்திரி, வாக்னர் இருவரும் 2004லேயே எழுதிவிட்டார்கள். ஜிக்பீ தரத்தில் பொதுச்சாவி ஒன்று உண்டு. 128 பிட், பதினாறு எழுத்து. கூட்டமைப்பின் பழைய பெயரை எழுதிப் பின்னால் 09 போட்டால் அதுதான் சாவி! உலகத்துக்கே தெரியும். 2016இல் ரோனென், ஷமிர் குழுவினர் ஒரு கம்பெனியின் ஜிக்பீ விளக்குகளை டிரோனிலிருந்து 350 மீட்டர் தொலைவில் பிடித்துக் காட்டினார்கள். பாரிஸ் மாதிரி நகரத்தில் சுமார் 15,000 விளக்கு சிதறி இருந்தாலே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்று பரவிவிடும் என்று கணக்கும் போட்டார்கள். அப்புறம் ஓட்டையை அடைத்தார்கள். கருவிக்குக் கருவி தனிக்குறியீடு என்ற ஏற்பாடும் ஜிக்பீ 3.0இல் இருக்கிறது. அதைக் கட்டாயமாக்குவது வலையை நடத்துகிறவன் விருப்பம். டெண்டரில் எழுதினால் நடக்கும், எழுதாவிட்டால் நடக்காது. எழுதுகிற மேசையில் நாம் இல்லை.

'தொழில்நுட்பமே ஆதிக்கத்தின் கருவி, நாம் ஏன் அதற்குள் போகணும்' என்கிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரத் திட்டமிடலைக் கையில் எடுத்துக்கொண்டாரே, எதற்கு? மின்சாரம் அவருக்கு அந்நியம் என்று ஒதுங்கினாரா? ஆர்.எஃப்.சி.க்களை எவனும் காசில்லாமல் படிக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு வரைவுகளைக் கருத்துக் கேட்டுச் சுற்றுக்கு விடுகிறது. எத்தனை மாணவத் தோழர்கள் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கிறீர்கள்? இட ஒதுக்கீட்டில் போராடிப் பொறியியல் இடம் வாங்கினோம், வாங்கிய இடத்தில் உட்கார்ந்து இதைப் படிக்காவிட்டால் அந்தப் பொறியாளர் எனக்கு வாங்கிக் கொடுத்த டீயைத்தான் குடித்துக்கொண்டிருப்போம்.

வலையின் வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பாதுகாப்புக் காரணத்தால் தர இயலாது என்று பதில். தொழிற்சாலைச் சாவியை மாற்றாதவர்களுக்கு வரைபடத்தில் வந்துவிட்டது பாதுகாப்பு! மேல்முறையீடு போட்டிருக்கிறேன். கூடவே இன்னொரு மனு, சேரியில் 140 பேர் கையெழுத்து: வயல் பாதையின் ஆறு கம்பத்துக்கும் விளக்கு, சேரிக்குள் இரண்டாவது கேட்வே, விளக்குக்கு விளக்கு தனிச்சாவி, கட்டளைப் பதிவேடு எங்கள் பார்வைக்கும். முதல் கையெழுத்து அந்தப் பையனுடையது.