391 நாட்கள் யார் கணக்கில்?

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் அவர்களுக்கு,

நான் காஞ்சிபுரம் மாவட்டம் கூரத்தில் வசிக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சத்துமாவு, எடை, தடுப்பூசி, கர்ப்பிணிகள் விவரம் என்று காலமெல்லாம் ரிஜிஸ்டர் எழுதிய கை இது. அந்த ரிஜிஸ்டர்கள் எதிலும் இடம் கிடைக்காத ஒரு கணக்கைத் தங்களிடம் சொல்லவே இந்த மடல்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூன் 12ஆம் தேதி. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு எவர்சில்வர் தட்டு கை நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது. அத்தனை பிள்ளைகளும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். சுவரோரம் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. அவளுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். மறுபடி வேண்டுமென்றே கரண்டியால் தட்டைத் தட்டினேன். அவள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அழைத்துப்போக வந்த அம்மாவிடம் சொன்னேன். "அவ பிடிவாதக்காரி டீச்சர், கூப்பிட்டா திரும்ப மாட்டா. அவங்கப்பாவே மூணு வயசுலதான் வாய் திறந்தாராம்" என்றாள். நானும், சரி, பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்பிஎஸ்கே டாக்டர் குழு வரும்போது காட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தக் குழு அங்கன்வாடிக்கு வருவது வருஷத்துக்கு இரண்டு முறை. அன்றைக்கே தாயையும் பிள்ளையையும் கையோடு மருத்துவமனைக்குப் பஸ் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது, இன்றைக்கும் எனக்குள் உறுத்துகிறது.

குழு ஆகஸ்டில் வந்தது. சந்தேகம் சரிதான் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவமனையில் காது பரிசோதகர் எல்லா நாளும் இருப்பதில்லை. முதல் இரண்டு தடவை தாயும் பிள்ளையும் சும்மா போய்த் திரும்பினார்கள். செவித்திறனை அளக்கும் பெரா சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். தேதி கிடைத்த அன்று அவள் தூங்கவில்லை. அடுத்த தேதி வர ஒன்றரை மாதம். ஜனவரியில்தான் இரண்டு காதும் கடுமையாக மந்தம் என்று எழுத்தில் வந்தது. பிறகு அடையாள அட்டைக்கு முகாம், காது மிஷினுக்கு இன்னொரு முகாம். பேச்சுப் பயிற்சியின் முதல் வகுப்பில் அவள் போய் உட்கார்ந்தது மறு வருஷம் ஜூலை 8. என் சொந்த நோட்டில் எழுதி வைத்திருந்ததால் எண்ணிப் பார்த்தேன். 391 நாட்கள்.

ஐயா, இதில் யாரும் வேலை செய்யாமல் இருக்கவில்லை. என் ரிஜிஸ்டரில் "கண்டறியப்பட்டது" என்று இருந்தது. டாக்டர் குழுவின் ரிஜிஸ்டரில் "பரிந்துரைக்கப்பட்டது". மருத்துவமனையில் "பரிசோதனை முடிந்தது". முகாமில் "கருவி வழங்கப்பட்டது". நான்கு ரிஜிஸ்டரிலும் டிக் விழுந்தது. நான்கு அதிகாரிகளும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில் அந்தக் குழந்தை சத்தமே இல்லாமல் கழித்த மாதங்கள் மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை. அங்கன்வாடி சமூக நலத்துறையில் இருக்கிறது. பரிசோதனையும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையமும் மக்கள் நல்வாழ்வுத் துறையில். ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும் சிறப்புப் பள்ளிகளும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில். ஆறு வயதானதும் பிள்ளை பள்ளிக் கல்வித்துறைக்குப் போய்விடும். இந்த நான்கையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கும் அதிகாரம் சட்டப்படி தங்கள் நாற்காலிக்குத்தான் இருக்கிறது. அதனால்தான் அமைச்சருக்கோ ஆட்சியருக்கோ எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே பெரியவர்களுக்குக் கூரத்தாழ்வான் நினைவுக்கு வருவார். ராமானுஜருக்காகக் கண்ணை இழந்தவர். கண் போன பிறகும் அவருடைய புலமைக்கு ஒரு குறைவும் வரவில்லை. காஞ்சி வரதன் மேல் அவர் துதி பாடினார். அவரைத் தலைமேல் வைத்துக் கும்பிடும் ஊரிலேயே, குறையோடு பிறந்த பிள்ளையைப் பார்த்து "போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்லும் வாய்களையும் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவர்களுக்கு ஆழ்வான் கதையைத்தான் எடுத்துச் சொல்வேன். ஆனால் அந்தச் சிறுமியைப் பார்த்த பிறகு வேறொன்றும் புரிந்தது. ஆழ்வான் கண்ணை இழந்தது கற்றுத் தேர்ந்த பிறகு. இரண்டு வயதில் காது கேளாத பிள்ளைக்கு மொழியே இன்னும் வந்து சேரவில்லை. அம்மா என்ற சொல் என்ன என்று தெரியாமலே ஒரு வருஷம் போனால், அந்த வருஷத்தைப் பின்னால் எந்த மிஷினும் மீட்டுத் தராது. பிறந்த ஒரு மாதத்தில் காதைச் சோதி, மூன்று மாதத்துக்குள் உறுதி செய், ஆறு மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்கு என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் பிள்ளை மூன்று வயது ஐந்து மாதத்தில் தொடங்கினாள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் கருவி வைக்கும் காக்ளியர் அறுவைச் சிகிச்சைக்கு ஆறு வயது வரை என்று எல்லை வைத்திருப்பதே, இந்த விஷயத்தில் காலம் எவ்வளவு இறுக்கமானது என்பதற்குச் சாட்சி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். எல்லாக் குழந்தைகளையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகளை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்க 17ஆம் பிரிவு சொல்கிறது. குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி 31ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் சந்தேகம் எழுந்த நாளிலிருந்து பயிற்சி தொடங்கும் நாள் வரை இத்தனை நாள்தான் ஆகலாம் என்று ஓர் எல்லையை இந்தச் சட்டத்தில் நான் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் அந்த எல்லை இருக்கிறது. அங்கே 1975இல் சிறப்புக் கல்விக்குச் சட்டம் வந்தது; 1986இல் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான ஆரம்பநிலைச் சேவையையும் அதில் சேர்த்தார்கள். ஒரு குழந்தையைப் பற்றித் தகவல் வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பரிசோதித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போட்டாக வேண்டும். எத்தனை குழந்தைகளுக்கு அந்த 45 நாள் காப்பாற்றப்பட்டது என்பதை ஒவ்வொரு மாநிலமும் வருஷா வருஷம் ஊரறியச் சொல்ல வேண்டும். அதையும் மற்றத் தகவல்களையும் பார்த்து அந்நாட்டு ஒன்றிய கல்வித்துறை ஒவ்வொரு மாநிலத்துக்கும் நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுக்கிறது. அந்தப் பணக்கார நாட்டிலும் நாள் தவறத்தான் செய்கிறது. ஆனால் தவறியது எழுத்தில் வருகிறது. ஒரு தாய் அதைக் காட்டிக் கேள்வி கேட்க முடிகிறது.

நமக்கு இதைக் கற்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறைத் தேர்தலுக்காகப் பேர் பெற்றவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓலை எடுத்த கதையை மட்டும் சொல்லித்தருகிறோம். எனக்குப் பிடித்தது அதிலுள்ள வேறொரு விதி: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் போகக் கூடாது; அவருடைய உறவுக்காரர்கள் பெயரும் கூடாது. ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியம் வைத்து இவ்வளவு கண்டிப்பாகக் கணக்குக் கேட்ட மண் இது. ஒரு குழந்தையின் நாட்களுக்கு அந்தக் கண்டிப்பு வேண்டாமா?

அந்தச் சிறுமி பிறகு பள்ளிக்கூடம் போனாள். அங்கே நிலைமை வேறு விதம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர் ஒருவருக்குப் பல பள்ளிகள். வருகிற அன்று அந்த ஆசிரியை உயிரைக் கொடுத்துச் சொல்லித்தருவார். அந்தப் பிள்ளைக்கு "மழை" என்ற சொல்லைப் பிடிபட வைத்தவர் அவர்தான். ஜன்னலோரம் கூட்டிப்போய், கையை நீட்டச் சொல்லி, துளி விழுந்ததும் உதட்டைக் காட்டி. ஆனால் அவர் அடுத்து வருவதற்குள் பாதிப் பாடம் மறந்துபோயிருக்கும். தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. 2025 மார்ச்சில் மறுபடியும், பணியிடங்களை அறிவித்து நிரப்புங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இப்படிப் பள்ளி பள்ளியாகப் போகும் சிறப்பாசிரியர்கள் பலருக்கு நிரந்தர வேலை கிடையாது, தொகுப்பூதியம்தான். அவர்கள் வேலை பார்க்கும் அந்தப் பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024-25இல் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தரவில்லை என்று மாநில அரசு சொல்லி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு அரசுகளின் வழக்கில் ஞாயம் எந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத ஆசிரியை எத்தனை நாள் மழையைக் காட்டிக்கொண்டிருப்பார் என்பதுதான் என் கவலை. பள்ளியில் வருகைப் பதிவேடு இருக்கிறது. ஆசிரியை வந்த தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கும். அந்தப் பிள்ளை இந்த மாதம் புதிதாக எத்தனை சொல் பேசினாள் என்று எழுத அதில் ஒரு கட்டம் இல்லை.

பயிற்சியை வீட்டுக்கே கொண்டுபோனால் முடியும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்று ஒன்று. 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது, கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் அவர் அதை நடத்தினார். ஊர்ப் பெண்களையே பழக்கி, கிராமம் கிராமமாக வீடு தேடிப்போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். தாய்க்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதுதான் பெரிய வேலை. பயிற்சியாளர் வந்திருப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் அம்மாதானே? காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடுகிற தாய்மார்களுக்கு, பயிற்சி வீட்டு வாசலுக்கு வருவது பெரிய விஷயம். அரசும் இப்போது உலக வங்கிக் கடனில் உரிமைகள் திட்டம் என்றும் விழுதுகள் சேவை மையங்கள் என்றும் தொடங்கியிருக்கிறது. சந்தோஷம். அந்த மையங்களின் அறிக்கையிலும் கட்டிடம், வண்டி, பயனாளி எண்ணிக்கை என்றே வரப்போகிறதா, நாட்களும் வருமா?

ஐயா, அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி யாரும் மனு கொடுக்காமலே தாங்கள் விசாரிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வருகிறதா என்று கண்காணிக்கலாம். மாநில அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கலாம். 82ஆம் பிரிவு தங்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தையே கொடுத்திருக்கிறது. தாங்கள் பரிந்துரைத்தால், ஏற்காத துறை மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். தங்கள் ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இவ்வளவு இருக்கும்போது நான் கேட்பது ஒரே ஒரு பதிவேடு. ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கு தேதி: முதலில் சந்தேகம் வந்த நாள், டாக்டர் உறுதி செய்த நாள், முதல் பயிற்சி நாள், கடைசியாகப் பயிற்சி நடந்த நாள். நான்கு துறைகளும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். தாய் கையிலும் அதன் நகல் இருக்க வேண்டும். வட்டாரம் வட்டாரமாகச் சராசரி எத்தனை நாள் ஆயிற்று என்று தங்கள் ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும்.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. பிள்ளையின் பெயர் வேண்டாம், குடும்பம் வேண்டாம், எண்ணிக்கையும் நாளும் மட்டும் அங்கே வாசிக்கப்படட்டும். ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டமன்றம் வழி செய்திருக்கிறது. வாசிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாம்.

அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்துவிட்டாள். என் வீட்டுப் பக்கம் வந்தால் வாசலில் நின்று "டீச்சர்" என்று கூப்பிடுவாள். அந்த "ச்" இன்னும் சரியாக வராது. என் நோட்டின் அந்தப் பக்கங்களை நகல் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர் இருக்குமிடத்தை மட்டும் மையால் மறைத்திருக்கிறேன். தேதிகள் தெளிவாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
கூரம்.