டெண்டுக் கொட்டாயில் பெண்கள் பக்கம்

"கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சினிமாவுக்குப் போவது தப்பா அக்கா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். குழந்தைக்கு ஏழு மாதமாம். பிரசவத்துக்கு முன்னால் பார்த்ததுதான் கடைசிப் படம். போன மாதம் ஆசையாகப் போயிருக்கிறார். பாதிப் படத்தில் குழந்தை அழ, முன் வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, "ஏம்மா, வீட்லயே இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டாராம். மீதிப் படத்தை இவர் வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பார்க்கவில்லை, கேட்டுவிட்டு வந்தார்!

எங்க அம்மிச்சி காலத்தில் யாரும் அப்படிக் கேட்டுவிட்டுத் தப்பியிருக்க முடியாது. "ஏனுங், நீங்க மட்டும் வானத்துல இருந்து குதிச்சீங்களா? அழுகாமத்தான் வளந்தீங்களா?" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கேட்டிருப்பார். கூட நாற்பது பேர் சிரித்திருப்பார்கள்.

தட்டி என்றேன் அல்லவா, அதைச் சொல்ல வேண்டும். சோமனூர்ப் பக்கம் டூரிங் டாக்கீஸுக்கு டெண்டுக் கொட்டாய் என்றுதான் பேர். தரையில் மணல். நடுவில் ஒரு தட்டி. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் கொஞ்சம் நாற்காலி. பகலில் வெளிச்சம் உள்ளே வந்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்துதான் ஆட்டம்: முதல் ஆட்டம், ரெண்டாம் ஆட்டம் அவ்வளவே. ஒலிபெருக்கியில் சாமி பாட்டு கேட்க ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவோம். பாட்டு நின்றால் ஓட வேண்டும். ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பிள்ளைக்காரிகளுக்கு அதைவிட வசதி வேறில்லை. பால் கொடுக்க, ஒண்ணுக்குப் போக வைக்க, முறுக்கு வாங்கிக் கொடுத்து வாயை அடைக்க என்று எல்லாவற்றுக்கும் நேரம் கிடைத்தது.

மணலைக் கூட்டிக் குவித்து, பழைய சேலையை மடித்துப் போட்டால் குழந்தைக்கு மெத்தை. பெரியவர்களும் மணலைக் குவித்து மேலே உட்கார்ந்துகொள்வார்கள், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், அதில் ஒரு சண்டை வரும். படத்தில் சண்டை வருவதற்கு முன்பே இங்கே முடிந்துவிடும்.

வெளியூர்ச் சம்பந்திகள், "உங்க ஊர்க்காரங்க ஏன் இப்படிக் கத்திப் பேசறீங்க?" என்று கேட்பதுண்டு. விசைத்தறிதான் காரணம். ஒரு குடோனில் இருபது தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வாயசைவையும் கையசைவையும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். நாளெல்லாம் அந்த இரைச்சலுக்குள் தார் சுற்றிவிட்டு வருகிற பெண்ணிடம், கொட்டகையில் மட்டும் மெதுவாகப் பேசு என்றால் முடியுமா? வீட்டில் மாமனார் முன்னால் சத்தமாகச் சிரிக்கக்கூடாது. வீதியில் கூடாது. கோயிலில் கூடாது. தட்டிக்கு இந்தப் பக்கம் மட்டும் தடையில்லை.

பாக்யராஜ் படம் 'முந்தானை முடிச்சு' வந்தது 1983-ல். எங்க கொட்டாய்க்கு அது வர மூன்று வருஷம் ஆயிற்று. நான் அப்போது சிறுமி. கதை உங்களுக்குத் தெரியும். மனைவியை இழந்த வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஊர்வசி பழி சுமத்துகிறாள், பச்சைக் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்கிறாள். அந்த இடம் வந்ததும் பெண்கள் பக்கம் முழுக்க எழுந்துவிட்டது! "வேண்டாம்டி, கொளந்தைடி அது!" என்று ஒரு பாட்டி திரையைப் பார்த்துக் கெஞ்சுகிறார். இன்னொருத்தி மடியில் தூங்குகிற தன் குழந்தையை இறுக்கிக்கொள்கிறாள். தாண்டியதும் விழுந்த வசவுகளை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. அதே பெண் பின்னால் அந்தக் குழந்தைக்காக உருகும்போது, திட்டிய வாயெல்லாம் மூக்கைச் சிந்துகிறது. முருங்கைக்காய் விஷயம் வரும்போது மட்டும் ஒரு கொல்லென்ற சிரிப்பு. தட்டிக்கு அந்தப் பக்கம் திடீரென்று நிசப்தம். ஆண்களுக்கு வெட்கம்! எனக்கு ஏன் என்று புரியவில்லை. கேட்டதற்கு, "நீ முறுக்கைத் தின்னு கண்ணு" என்றார் அம்மிச்சி.

அம்மன் படம் என்றால் அது வேறு உலகம். 'ஆதிபராசக்தி' 1971-ல் வந்த படம், கொட்டகைகளில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். உக்கிரமான இடத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் துன்னூறு பூசி, தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன கஷ்டமோ, கேட்டால் சொல்லமாட்டாள், அங்கே ஆடித் தீர்த்துவிட்டுப் போவாள். தேவர் படம் என்றால் சிறுவர் கூட்டம். நம்ம கோயமுத்தூர் சின்னப்பா தேவருக்கு யானையும் ஆடும் இல்லாமல் படமே கிடையாதே. 1977-ல் வந்த 'ஆட்டுக்கார அலமேலு'வைப் பார்க்க, வீட்டு ஆட்டையும் கூட்டிப்போகலாமா என்று கேட்ட குழந்தைகள் உண்டு.

இந்தச் சத்தம் நமக்குப் புதிதல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் கோவைக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் படச்சுருளையும் விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பேர். அது பேசாத படக் காலம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். படம் பேசவில்லை, கொட்டகை பேசியது. பிற்பாடு படம் பேசியபோதும் நம்மவர்கள் நிறுத்தவில்லை!

நாம் மட்டும்தான் இப்படியா என்றால் அதுவும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் ஜமைக்கா இருக்கிறதே, அங்கேயும் சினிமா ரசிகர்கள் திரையோடு வாதாடுகிறவர்கள்தான் என்று படித்திருக்கிறேன். 1972-ல் 'தி ஹார்டர் தே கம்' என்று ஒரு படம் அங்கேயே எடுத்தார்கள், அந்த ஊர்ப் பேச்சிலேயே. தலைநகர் கிங்ஸ்டனில் கேரிப் என்ற தியேட்டரில் முதல் காட்சிக்குக் கூட்டம் கட்டுக்கடங்காமல் உள்ளே புகுந்துவிட்டதாம். தங்கள் வீட்டில் பேசுகிற பேச்சைத் திரையில் கேட்டதில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு இதைப் படித்ததும் 1995-ல் 'சதிலீலாவதி' பார்த்தது நினைவு வந்தது. கோவை சரளாவும் கமலும் "ஏனுங்க", "வாங்கோ" என்று நம்ம கொங்குப் பேச்சில் பேச ஆரம்பித்ததும் தியேட்டரே குலுங்கியது. அதில் பெண்கள் சத்தம்தான் ஜாஸ்தி. கணவனிடம் நியாயம் கேட்கிறவள் நம்ம பேச்சில் கேட்கிறாள் அல்லவா!

அப்புறம் என்ன ஆயிற்று? டி.வி. வந்தது. 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் ஆரம்பித்ததும், டி.வி. இருந்த வீடு கொட்டகை ஆனது. பிறகு அவரவர் வீட்டுக்கு ஒன்று, இப்போது ஆளுக்கொரு செல்போன். டெண்டுக் கொட்டாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. பல ஊர்களில் தியேட்டரே கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறிவிட்டது. தட்டி போனதில் எனக்கு வருத்தமில்லை. கணவனும் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லதுதான். ஆனால் தட்டியோடு பெண்களின் சத்தமும் போய்விட்டதே! முதல் நாள் முதல் காட்சியில் விசில் அடிக்கிறவர்கள், பேப்பர் பறக்க விடுகிறவர்கள் எல்லாம் பையன்கள். நாம் கைக்குட்டையை வாயில் வைத்துச் சிரிக்கிறோம். பிள்ளைக்காரி வராந்தாவில் நிற்கிறாள்.

அந்தச் சகோதரிக்கு இனி நேராகப் பதில் சொல்கிறேன். தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு மனிதர்கள் போட்ட சத்தம் வேறு, இன்றைக்கு ஒலிபெருக்கி போடுகிற சத்தம் வேறு. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரை பெரியவர் காது தாங்கும் என்று கணக்கு. நூறைத் தொட்டால் கால் மணி நேரம்தான். சண்டைப் படங்களில் சில இடங்கள் நூறையும் தாண்டும். குழந்தையின் காதுக் குழாய் சின்னது, அதற்குள் சத்தம் இன்னும் அழுத்தமாக விழும். பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அது அதிகம் தடுக்காது. தவிர, சின்னக் குழந்தையின் காதுக்குள் எதையும் திணிக்கவே கூடாது. ஹெட்போன் மாதிரி வெளியே மூடுகிற காதுமூடி குழந்தைகளுக்கென்றே விற்கிறது. வாங்கி வீட்டிலேயே இரண்டு மூன்று நாள் போட்டுப் பழக்குங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்துச் சீட்டு வேண்டாம். நடைபாதை ஓரமாக, கதவுக்குக் கிட்டே கேட்டு வாங்குங்கள். ஏ.சி.க்கு ஒரு துண்டும் குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு பாப்கார்னும் முழுக் கடலையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இருட்டில் சிரித்துக்கொண்டே தின்னும்போது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கிற நமக்கே தெரியாது. கொஞ்சம் பெரிய குழந்தைகள் கூட இருந்தால் சர்டிபிகேட்டைப் பாருங்கள். 2024-லிருந்து யு/ஏ-வை 7, 13, 16 வயது என்று பிரித்துத்தான் போடுகிறார்கள். ஏ படத்துக்குக் குழந்தையை உள்ளே விட மாட்டார்கள், வாசலில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை.

இன்னொன்று. பிள்ளை பெற்ற பிறகு ஒரு வாரம் பத்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் மனசு பாரமாகவே இருந்தால், சினிமா பார்த்துச் சரியாகிவிடும் என்று இருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். அதில் வெட்கம் வேண்டாம்.

இங்கிலாந்தில் சில தியேட்டர்களில் ஒரு வயதுக்குள் குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கென்றே வாரம் ஒரு பகல் காட்சி போடுகிறார்களாம். விளக்கு மங்கலாக எரியும், சத்தம் குறைவாக வைப்பார்கள், குழந்தை அழுதால் யாரும் திரும்ப மாட்டார்கள். ஜப்பானில் சத்தமே போடாமல் படம் பார்க்கிறவர்கள், 'பாகுபலி'க்குக் கத்திப் பார்க்கும் காட்சி என்று தனியாக வைத்தார்கள். நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு அங்கே தனிக் காட்சி!

போன தை மாதம் எங்க வீதியில் பதினோரு பெண்கள், நாலு கைக்குழந்தைகள், ஒரு வாரநாள் மேட்னிக்குப் போனோம். தியேட்டர் பேர் வேண்டாம். மேனேஜரிடம், "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சு, ஓரத்து லைட்டை மட்டும் எரிய விடுங்க" என்று கேட்டேன். "மத்தவிய சண்டைக்கு வருவாங்கம்மா" என்றார். "மத்தவிய எத்தன பேருங்க?" என்றார் என் நங்கையா. எட்டிப் பார்த்தார். ஏழு பேர்! சிரித்துக்கொண்டே ஆபரேட்டருக்குச் சொல்லி அனுப்பினார்.

குழந்தைகள் அழுதன, ஒன்று விட்டு ஒன்று. கையோடு கை மாற்றிக்கொண்டோம், எது யாருடைய குழந்தை என்பதே மறந்துபோயிற்று. இடைவேளைக்குப் பிறகு வில்லன் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான், கதாநாயகிக்குத் தெரியவில்லை. எங்க வரிசையில் எழுபது வயது ஆத்தா ஒருவர் சட்டென்று எழுந்து, "பின்னால பாரு அம்மணி!" என்று ஒரு சத்தம் போட்டார். மற்ற ஏழு பேரும் கை தட்டினார்கள்.