ஒரு ஏக்கர் சொர்க்கத்தின் வரவு செலவு

யூடியூபில் தற்சார்பு வாழ்க்கை என்று தேடினால் ஒரே வீடுதான் திரும்பத் திரும்ப வரும், ஆள் மட்டும் மாறுவார். சென்னையிலோ பெங்களூரிலோ மென்பொருள் வேலையை விட்டவர். ஒரு ஏக்கர் நிலம், மண் சுவர் வீடு, கூரையில் சோலார், தொழுவத்தில் நாட்டு மாடு. உப்பைத் தவிர எதையும் கடையில் வாங்குவதில்லை என்பார். பார்க்கிறவர் தன்னுடைய இ.எம்.ஐ.யை நினைத்துப் பெருமூச்சு விடுவார். வேண்டியதை வீட்டிலேயே விளைவித்துக்கொண்டால் பணத்தின் பிடியிலிருந்து தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை இப்படித்தான் படித்த நடுத்தர வர்க்கத்தில் ஊன்றிவிட்டது. இது பொய்க்கணக்கு. அந்த வீடியோக்காரர் பணத்திலிருந்து தப்பவில்லை, பத்து வருடச் சம்பளத்தை மொத்தமாக முன்பணம் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

நிலத்தின் விலையை விட்டுவிடுவோம், அது ஊருக்கு ஊர் மாறும். தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கொங்கு வட்டாரத்தில் ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வந்தால் மோட்டார், குழாய், சொட்டுநீர். வந்தாலும் வராவிட்டாலும் வேலி. வேலி போட்டபின் மயில் பறந்து வரும். அதைத் தொட்டால் வனத்துறை வரும். இவற்றில் ஒன்றுகூட மண்ணில் விளைவதில்லை.

மழைநீரே போதும் என்பவர்கள் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 84 ஆயிரம் லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, வழிந்தது போக, 65 ஆயிரம் தேறும். கிராமத்து ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்பது அரசு குழாய் இணைப்புக்கு வைத்திருக்கும் அளவு. அந்தச் சிக்கனத்திலேயே நான்கு பேருக்கு ஆண்டுக்கு 80 ஆயிரம் லிட்டர் வேண்டும். நகரத்துக்கான 135 லிட்டர் கணக்கில் போனால் இரண்டு லட்சத்தை நெருங்கும். குளிக்கவே போதாத தண்ணீரில் வாழைக்கு எங்கே போவது? அந்த மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிட்டுப் போகிறது. சித்திரை வரை அதைப் பிடித்துவைக்கக் கட்டும் தொட்டி, தனியாக ஒரு அறை கட்டும் செலவை வாங்கிக்கொள்ளும்.

மின்சாரக் கதை இதைவிட வேடிக்கை. மூன்று கிலோவாட் சோலார் போட்டால் நாளைக்கு ஏறக்குறைய 12 யூனிட் வரும், ஒன்றிய அரசின் மானியமும் 78,000 ரூபாய் கிடைக்கும். நல்ல முதலீடு, மறுப்பதற்கில்லை. ஆனால் மானியத்தில் போடும் பெரும்பாலான அமைப்புகளில் பேட்டரி கிடையாது, மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடுபவை அவை. லைனில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. உச்சி வெயிலில், கூரை முழுக்கப் பலகைகளோடு, கை விசிறியால் வீசிக்கொண்டிருக்கலாம். பேட்டரி வைத்துக்கொண்டால் அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். நால்வர் குடும்பத்துக்கு மாதம் 30 கிலோ அரிசி என்றால் வருடத்துக்கு ஐந்தரைக் குவிண்டால் நெல் வேண்டும். அரை ஏக்கரில் எடுத்துவிடலாம், சந்தேகமில்லை. உழவுக்கு டிராக்டர் வாடகை, நடவு, களையெடுப்பு, அறுவடைக்கு ஆள் அல்லது மெஷின் என்று காசு போய்க்கொண்டிருக்கும். அந்த அரிசியையே 2011 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடை அரிசி அட்டைக்கு இலவசமாகத் தருகிறது. இடுப்பொடிய விளைவிக்கும் பண்டம்தான் சந்தையில் மலிவான பண்டம். விவசாயி காலங்காலமாக அழுவது இதற்காகத்தான், நம் வீடியோக்காரருக்கு மட்டும் இது ஆன்மிகமாகத் தெரிகிறது.

பருப்பை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை. காரணம் உண்டு. துவரையை ஊறவைத்து, செம்மண் கட்டி, நாள்கணக்கில் காயவைத்து, திருகையில் போட்டு உடைத்து, முறத்தில் புடைத்துத் தொலி நீக்கிச் சாம்பாருக்கு எடுப்பதற்குள் வேறு எந்த வேலையும் ஓடாது. அந்தத் திருகையை யார் சுற்றினார்கள்? பாட்டி காலத்தில் எல்லாம் வீட்டிலேயே நடந்தது என்று மெய்சிலிர்ப்பவர்கள் பாட்டியின் தோள்பட்டையை விசாரித்ததில்லை. உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் பெண்களின் உடம்பில் ஓடிய இயந்திரங்கள். கோயம்புத்தூரில் கிரைண்டர் வந்த அன்று ஆட்டுக்கல்லைக் கொல்லைப்புறம் தள்ளியது கார்ப்பரேட் சதி என்றால், அந்தச் சதியில் நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. இன்றைய தற்சார்புப் பண்ணைகளிலும் வீடியோக்காரர் கேமராவுக்கு முன்னால் மண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பின்னால் விறகடுப்பில் ஊதிக்கொண்டிருப்பது யார் என்று கவனித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்து கிராமம் தன்னிறைவோடு இருந்ததே என்பார்கள். வீடு ஒருபோதும் அப்படி இருந்ததில்லை. உப்பு விற்கும் உமணர்கள் வண்டி கட்டிப் போனது சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. மண்பானை, கொழு, கலப்பை, சவரம், வெளுப்பு எல்லாவற்றுக்கும் வேறு வேறு கைகள் இருந்தன. அறுவடைக் களத்தில் அவர்களுக்கு நெல் அளந்தார்கள். எந்தக் கை எந்த வேலைக்கு என்பதைச் சாதி தீர்மானித்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்திய கிராமத்தின் மீதான மோகத்தை உரித்துப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்னோடிகளாகக் காட்டப்படுகிறவர்களையும் பாருங்கள். 1845இல் வால்டன் குளக்கரையில் குடிசை போட்ட அமெரிக்க எழுத்தாளர் தோரோ, நண்பர் எமர்சனின் நிலத்தில் இருந்தார். அவர் நேர்மையாளர், கணக்கை அப்படியே எழுதிவைத்தார். முதல் ஆண்டு விவசாயத்தில் நின்ற லாபம் 8 டாலர் 71½ சென்ட், கூலி வேலையில் வந்தது 13 டாலர் 34 சென்ட். அரிசியைக் கடையில் வாங்கினார். ஜப்பானிய இயற்கை விவசாயி ஃபுகோகா திரும்பிப் போனது அப்பாவின் பழத்தோட்டத்துக்கு. அங்கே கவாத்து செய்யாமல் விட்ட மரங்கள் முதலில் பட்டுப்போயின என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். நம்மாழ்வாரோ கடனில் மாட்டிய விவசாயியை உர, பூச்சிமருந்துக் கடையிலிருந்து விடுவிக்கப் போராடியவர். 2013 டிசம்பரில் அவர் இறந்தது பட்டுக்கோட்டைப் பக்கத்தில், மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நாட்களில். வேலி போட்டு உள்ளே உட்கார்ந்தவருக்கு அவர் படம் எதற்கு?

உண்மையான சிறு விவசாயி என்ன செய்கிறார்? 2018–19ஆம் ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வின்படி இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798, கூலி, சம்பளத்திலிருந்து வந்தது 4,063. நிலமும் மாடும் தலைமுறை அறிவும் உள்ள குடும்பமே வெளிவேலைக்குப் போய்த்தான் அடுப்பெரிக்கிறது. பிள்ளைக்கு எப்படியாவது ஒரு சர்க்கார் வேலை கிடைக்காதா என்று டி.என்.பி.எஸ்.சி. பயிற்சிக்குக் கட்டணம் கட்டுகிறது. அந்த விவசாயி வெளியே வரத் துடிக்கும் வாசல் வழியாகத்தான் நம் மென்பொருள்காரர் உள்ளே போகிறார், பாக்கெட்டில் வைப்புநிதியோடு. பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம், விவசாயிக்கு அந்த வசதி கிடையாது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. மறுநாள் அந்த ஊர்களுக்குச் சோறு வந்தது வேறு மாவட்டங்களிலிருந்து. கம்பம் நட வெளியூர் மின் ஊழியர்கள் வந்தார்கள். ஒருவர் தோட்டம் அழிந்தால் இன்னொருவர் தோட்டம் இருக்கும் என்பதுதான் சந்தையும் சாலையும் அரசும் தரும் காப்பீடு. ஒரே ஏக்கரில் அரிசி, பால், தண்ணீர், வருமானம் நான்கையும் வைத்திருப்பவர் ஒரே காற்றில் நான்கையும் இழப்பார். ஆஸ்பத்திரிச் செலவை நான் தொடவே இல்லை. குடல்வால் வெடித்தால் தோட்டத்தில் வைத்தியம் இல்லை. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் சரி, அதற்கும் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கவேண்டும். அட்டை தருவது, வீடியோக்காரர் தப்பி வந்ததாகச் சொல்லும் அதே அமைப்பின் அரசுதான்.

மாடியில் கீரை போடுங்கள், வாசலில் கறிவேப்பிலை வையுங்கள், இடமிருந்தால் நாலு கோழி வளருங்கள். கீரை மூன்றே வாரத்தில் கைக்கு வரும், செலவும் இல்லை. கூரையில் சோலார் போட்டு மின்வாரியத்தோடு இணையுங்கள், கட்டணம் குறையும். ஆசை அடங்கவில்லை என்றால் வேலையை விடாமல் ஒரு போகம் குத்தகைக்கு நிலம் பிடித்து உளுந்து போட்டுப் பாருங்கள். களையெடுக்க ஆள் தேடும்போது உங்கள் நாள் சம்பளத்தையும் செலவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.